மறைந்து வாழ மறுத்த ஹார்வி மில்க்

1977-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி.

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மனிதர் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசினார். அவர் பதிவு செய்தது பாட்டு அல்ல. மேடைப் பேச்சும் அல்ல. அது அவருடைய உயில்!

யாராவது தம்மைக் கொலை செய்துவிட்டால் மட்டுமே அந்த டேப்பைப் போட்டுக் கேட்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார்.

அப்போது அவருக்கு வயது 47. பத்து நாட்களுக்கு முன்புதான் நகரசபைத் தேர்தலில் வெற்றி பெற்றிருந்தார். வாழ்த்துக்கள் வந்தன. கூடவே கொலை மிரட்டல்களும் வந்தன.

அவர் செய்த குற்றம் என்ன? தாம் யார் என்பதை ஊரறியச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்த மனிதரின் பெயர் ஹார்வி மில்க். ஆங்கிலத்தில் மில்க் என்றால் பால். அது அவருடைய குடும்பப் பெயர்.

டேப்பில் பேசி ஒரு வருடமும் ஒன்பது நாட்களும் சென்றன. அவர் பயந்தபடியே நடந்துவிட்டது!

இரட்டை வாழ்க்கை

ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவது பெரும்பாலோரின் இயல்பு. ஆனால் சில ஆண்களின் மனம் ஆண்களையே நாடுகிறது. சில பெண்களின் மனம் பெண்களையே நாடுகிறது. இவர்களைத் தன்பால் ஈர்ப்பாளர்கள் என்று சொல்கிறோம்.

எல்லா நாடுகளிலும், எல்லா மதங்களிலும், ஏழை வீட்டிலும் பணக்காரர் வீட்டிலும் இவர்கள் பிறக்கிறார்கள். இது நோய் அல்ல என்பதை மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொள்கிறது.

ஹார்வி மில்க் வாலிபராக இருந்தபோது நிலைமை வேறு. 1961 வரை, அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தன்பால் ஈர்ப்பாளர்களின் உறவு சட்டப்படி குற்றம். 1953-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் போட்ட ஓர் உத்தரவினால், மத்திய அரசாங்க வேலையில் இருந்தும் இவர்கள் நீக்கப்பட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை இதை மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. இவர்கள் கூடும் மதுக்கடைகளில் போலீசார் அடிக்கடி புகுந்து கைது செய்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், மானம் போகும்.

ஆகவே, அவர்கள் மறைந்து வாழ்ந்தார்கள். உலகத்துக்கு ஒரு முகம், தனிமையில் ஒரு முகம். பெற்ற தாயிடம்கூட உண்மையைச் சொல்ல முடியாது. ஹார்வி மில்க்கும் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் அப்படித்தான் வாழ்ந்தார்.

துணிக்கடைக்காரரின் பேரன்

நியூயார்க் நகருக்குப் பக்கத்தில் உட்மியர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1930-ம் ஆண்டு மே 22-ந் தேதி ஹார்வி பிறந்தான். அவனுடைய குடும்பம் லிதுவேனியா நாட்டில் இருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். தாத்தா மோரிஸ் மில்க் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற கடை முதலாளி. அங்கே யூதர்களுக்கு முதல் வழிபாட்டு ஆலயம் உண்டாக உதவியவர்களில் அவரும் ஒருவர். தந்தையின் பெயர் வில்லியம். தாயின் பெயர் மினர்வா. ராபர்ட் என்று ஓர் அண்ணன் உண்டு.

ஹார்விக்குப் பெரிய மூக்கு, விடைத்த காதுகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். மற்றவர்களையும் சிரிக்க வைப்பான். கால்பந்து ஆடுவான். ஆப்பரா என்னும் இசை நாடகம் என்றால் உயிர்!

தன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இளம் வயதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

1951-ல் ஆல்பனி நகரக் கல்லூரியில் கணிதப் படிப்பை முடித்தார். அப்போது கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஹார்வி கடற்படையில் சேர்ந்தார். ஆபத்தில் சிக்கிய நீர்மூழ்கிக் கப்பல்களை மீட்கும் கப்பலில் அவருக்கு வேலை. கடலுக்குள் மூழ்கி வேலை செய்வோருக்குப் பயிற்சியும் கொடுத்தார். அதிகாரியாகவும் உயர்ந்தார்.

1955-ல் எல்லாம் முடிந்தது. அவர் தன்பால் ஈர்ப்பாளர் என்பது பற்றிக் கடற்படையில் விசாரணை நடந்தது. அவர் வேலையை விட்டு விலக நேர்ந்தது.

பிறகு பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். நியூயார்க்கின் பெரிய பங்கு வியாபார நிறுவனத்தில் சேர்ந்து நன்றாகச் சம்பாதித்தார். 1964-ல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட பாரி கோல்டுவாட்டர் பழமைவாதி. அவருக்காக ஹார்வி தேர்தல் வேலை செய்தார் என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள்!

கோட்டும் டையும் அணிந்து ஆபீசுக்குப் போவார். தம் காதல் வாழ்க்கையைக் குடும்பத்தாருக்கும் ஆபீசில் உள்ளவர்களுக்கும் தெரியாமல் தனியே வைத்திருந்தார்.

1960-களின் இறுதியில் அமெரிக்க இளைஞர்கள் வியட்நாம் போரை எதிர்த்துக் கொதித்து எழுந்தார்கள். ஹார்வியும் நாடகக்காரர்களோடு பழகினார். மனம் மாறியது. தலைமுடியை நீளமாக வளர்த்தார். முடியை வெட்டச் சொன்னது நிர்வாகம். அவர் மறுத்தார். வேலை போயிற்று!

காமிராக் கடை

1972-ல் தம் துணைவர் ஸ்காட் ஸ்மித்துடன் சான்பிரான்சிஸ்கோவில் குடியேறினார்.

அந்த நகரில் காஸ்ட்ரோ தெரு என்று ஒரு வட்டாரம். ஐரிஷ் வம்சத்துத் தொழிலாளர்கள் நெடுங்காலம் வாழ்ந்த இடம். அவர்களில் பலர் புறநகர்களுக்குக் குடிபோனார்கள். வீடுகள் மலிவாகக் கிடைத்தன. ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்த தன்பால் ஈர்ப்பாளர்கள் அங்கே வந்து குடியேறத் தொடங்கினார்கள்.

ஒரு முறை ஹார்வி கழுவக் கொடுத்த பிலிம் சுருளைக் கடைக்காரர் பாழாக்கிவிட்டார். நாமே ஒரு காமிராக் கடை வைத்தால் என்ன என்று இருவரும் யோசித்தார்கள். கையில் மிச்சம் இருந்தது 1,000 டாலர். 1973 மார்ச் மாதத்தில் காஸ்ட்ரோ தெரு 575-ம் எண்ணில் கடை திறந்தார்கள்.

வியாபாரம் சுமார்தான். ஆனால் கடையில் எப்போதும் கூட்டம்! வாடகைத் தகராறு, வேலை இல்லை, போலீஸ் அடித்தது என்று ஆளுக்கு ஒரு குறையுடன் வருவார்கள். ஹார்வி எல்லாவற்றையும் கேட்பார். அவர்களுக்காக அலைவார். காஸ்ட்ரோ தெருவின் மேயர் என்று அவருக்குப் பட்டப் பெயரே ஏற்பட்டது.

கோபம் பிறந்தது

கடை திறந்த புதிதில் ஓர் அரசாங்க அதிகாரி வந்தார். விற்பனை வரிக்கு முன்பணமாக 100 டாலர் கட்ட வேண்டும் என்றார். கைமுதல் முழுவதையும் கடையில் போட்டுவிட்ட ஹார்விக்கு ஆத்திரம் வந்தது. வாரக்கணக்கில் ஆபீஸ் ஆபீசாக ஏறி வாதாடி, தொகையைக் குறைத்தார்.

இன்னொரு நாள் ஓர் ஆசிரியை வந்தார். பள்ளிக்கூடத்தில் படம் காட்டும் புரொஜெக்டர் பழுதாகிவிட்டது, கடன் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வரி வாங்கும் அரசாங்கத்துக்கு, பிள்ளைகள் படிக்க ஒரு கருவி வாங்கப் பணம் இல்லையா?

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர் தேர்தலில் நிற்கத் துணிந்தார். வயது 43. பணம் இல்லை. கட்சி இல்லை. தலையில் குடுமி!

சான்பிரான்சிஸ்கோவில் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு ஏற்கனவே சில தலைவர்கள் இருந்தார்கள். அவசரப்படக் கூடாது, நமக்கு அனுதாபம் காட்டும் அரசியல்வாதிகளை ஆதரித்து மெல்ல மெல்ல உரிமை பெறலாம் என்பது அவர்கள் எண்ணம். நேற்று வந்த காமிராக் கடைக்காரர் தேர்தலில் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை.

ஹார்வியின் எண்ணம் வேறு. நம்மவரே சபையில் உட்கார வேண்டும், நம்மைப் பார்த்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் தெளியும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

1973 தேர்தலில் 32 பேர் நின்றார்கள். ஹார்வி பத்தாவதாக வந்தார். தோல்விதான். ஆனாலும், சுமார் 17,000 ஓட்டுகள் கிடைத்தன!

லாரி டிரைவர்களின் நண்பர்

அந்தச் சமயத்தில் பீர் லாரி ஓட்டும் டிரைவர்களின் சங்கம் ஒரு போராட்டம் நடத்தியது. சங்கத்துடன் ஒப்பந்தம் செய்ய மறுத்த கம்பெனிகளில் கூர்ஸ் என்பதும் ஒன்று. அந்த பீரை யாரும் விற்கக் கூடாது என்று சங்கம் கேட்டுக்கொண்டது. காஸ்ட்ரோ வட்டார மதுக்கடைகளின் ஆதரவைத் தேடி, சங்கத் தலைவர் ஆலன் பேர்டு ஹார்வியிடம் வந்தார்.

ஹார்வி ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. தன்பால் ஈர்ப்பாளர்களுக்கும் டிரைவர் வேலை கொடுக்க வேண்டும்.

அப்படியே நடந்தது. காஸ்ட்ரோ மதுக்கடைகளில் கூர்ஸ் பீர் நின்றது. டிரைவர் வேலையும் கிடைத்தது. முரட்டு லாரிக்காரர்களும், அவர்கள் அதுவரை ஏளனம் செய்தவர்களும் கை குலுக்கினார்கள். அதன்பின் தேர்தல்களில் தொழிற்சங்கங்கள் ஹார்வியை ஆதரித்தன.

காஸ்ட்ரோ கடைக்காரர்களை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். 1974-ல் தெருத் திருவிழா நடத்தினார். பல்லாயிரம் பேர் வந்தார்கள். வெறுத்து ஒதுங்கிய பழைய கடைக்காரர்களின் கல்லாவும் நிரம்பியது!

1975-ல் மறுபடியும் தேர்தல். முடியை வெட்ட மாட்டேன் என்று வேலையையே விட்டவர், இப்போது ஓட்டுக்காக முடியை வெட்டிக்கொண்டார். கோட்டு அணிந்தார். வெற்றி பெறுவோர் ஆறு பேர். ஹார்வி ஏழாவதாக வந்தார்!

அந்தத் தேர்தலில் ஜார்ஜ் மாஸ்கோனி மேயர் ஆனார். தன்பால் உறவைக் குற்றமாக்கிய கலிபோர்னியாவின் பழைய சட்டத்தை நீக்கப் பாடுபட்டவர் அவர். 1976-ல் அவர் ஹார்விக்கு நகர நிர்வாகக் குழு ஒன்றில் இடம் கொடுத்தார். ஐந்தே வாரத்தில் அந்தப் பதவியும் போயிற்று. காரணம், மாநிலச் சட்டசபைத் தேர்தலில் நிற்கப் போவதாக ஹார்வி அறிவித்ததுதான். அந்தத் தேர்தலிலும் அவர் 4,000-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

ஒரு களங்கம்

ஹார்வியின் வாழ்க்கையில் ஒரு களங்கமும் உண்டு.

1975 செப்டம்பரில் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். கூட்டத்தில் ஒரு பெண் அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டாள். பக்கத்தில் நின்ற முன்னாள் படைவீரர் ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஜனாதிபதி உயிர் தப்பினார். நாடே அந்த வீரரைப் புகழ்ந்தது.

அவர் ஹார்வியின் நண்பர். அவரும் தன்பால் ஈர்ப்பாளர். தம் குடும்பத்துக்கு அதைச் சொல்லாமல் வாழ்ந்தவர்.

இப்படிப்பட்ட வீரர்களும் நம்மில் உண்டு என்று நாடு அறியட்டும் என்று ஹார்வி நினைத்தார். பத்திரிகைக்கு விஷயத்தைத் தெரிவித்தார். செய்தி எங்கும் பரவியது. வீரரின் தாய் மகனுடன் பேசுவதை நிறுத்தினாள். அவர் மனம் உடைந்தார். பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டும் பயன் இல்லை.

உண்மையைச் சொல்வது வீரம். ஆனால் அந்த உண்மைக்கு உடையவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஹார்வி அவசரத்தில் அதை மறந்தார். அதற்கு விலை கொடுத்தவர் அவருடைய நண்பர்.

வெற்றி!

அதுவரை சான்பிரான்சிஸ்கோ முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தது. நகரம் முழுவதும் விளம்பரம் செய்யப் பணம் உள்ளவர்களே ஜெயித்தார்கள். நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1976-ல் மக்கள் ஓட்டளித்து முடிவு செய்தார்கள்.

காஸ்ட்ரோ தெரு ஐந்தாவது வட்டாரத்தில் இருந்தது. 1977 நவம்பர் 8-ந் தேதி தேர்தல். ஹார்வியை எதிர்த்து 16 பேர் நின்றார்கள். ஹார்வி வெற்றி பெற்றார்!

அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பதவிக்கு வந்தவர்களில் அவர் முதல்வர் அல்ல. 1974-லேயே கேத்தி கொசாசென்கோ, எலைன் நோபிள் என்ற இரு பெண்கள் வேறு மாநிலங்களில் ஜெயித்திருந்தார்கள். கலிபோர்னியாவில் அப்படி ஜெயித்த முதல் ஆண் ஹார்விதான்.

அதே தேர்தலில் ஒரு கறுப்பினப் பெண்மணி ஜெயித்தார். சீன வம்சத்தவர் ஒருவர் ஜெயித்தார். கணவர் இல்லாமல் பிள்ளையை வளர்த்த ஒரு தாய் ஜெயித்தார். டான் ஒயிட் என்ற 31 வயது வாலிபரும் ஜெயித்தார். அவர் முன்பு போலீஸ்காரர். பிறகு தீயணைப்பு வீரர். பழமையில் பிடிப்பு உள்ளவர்.

1978 ஜனவரி 9-ந் தேதி பதவி ஏற்பு. ஹார்வி காரில் போகவில்லை. காஸ்ட்ரோ தெருவில் இருந்து நகரசபை மாளிகை வரை ஆதரவாளர்களோடு நடந்தே போனார்.

பதினொரு மாதம்

ஹார்வி பதவியில் இருந்தது பதினொரு மாதம்கூட இல்லை. அதற்குள் இரண்டு சட்டங்களால் பெயர் பெற்றார்.

ஒன்று, தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காக ஒருவரை வேலையில் இருந்து நீக்கக் கூடாது, வீடு கொடுக்க மறுக்கக் கூடாது என்ற நகரச் சட்டம். 11 உறுப்பினர்களில் 10 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒருவர். அவர்தான் டான் ஒயிட். மேயர் மாஸ்கோனி கையெழுத்துப் போட, ஹார்வியே பேனா எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்று நாய்ச் சட்டம்! நாய் வளர்ப்பவர்கள் அது தெருவில் போடும் அசிங்கத்தைத் தாங்களே அள்ள வேண்டும் என்றது அது. ஹார்வி பத்திரிகைக்காரர்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். வேண்டுமென்றே நாய் அசிங்கத்தில் காலை வைத்தார். செருப்பைத் தூக்கிக் காட்டினார். ஊரே சிரித்தது. சட்டமும் நிறைவேறியது.

அவர் அரசியலின் ரகசியம் இதில் இருக்கிறது. தன்பால் ஈர்ப்பாளர்களுக்காக மட்டும் அவர் பேசவில்லை. பஸ் வசதி, முதியோருக்கு உதவி, வாடகை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று எல்லாருடைய கஷ்டத்தையும் பேசினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவுகிறவனை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வெறுப்பது கடினம் அல்லவா?

ஆசிரியர்களுக்கு ஆபத்து

1978-ல் பெரிய ஆபத்து ஒன்று வந்தது.

முந்தின வருடம் புளோரிடா மாநிலத்தில் அனிதா பிரையன்ட் என்ற பாடகி ஓர் இயக்கம் நடத்தி, தன்பால் ஈர்ப்பாளர்களைக் காத்த ஒரு சட்டத்தை மக்கள் ஓட்டால் ரத்து செய்யவைத்தார். அதைப் பார்த்து, ஜான் பிரிக்ஸ் என்ற கலிபோர்னியா மாநில மேல்சபை உறுப்பினர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் தன்பால் ஈர்ப்பாளர்கள் ஆசிரியராக இருக்கக் கூடாது. அவர்களுக்காக வெளிப்படையாகப் பரிந்து பேசும் ஆசிரியரையும் நீக்கலாம். மாநில மக்கள் இதற்கு நவம்பர் 7-ந் தேதி ஓட்டளிக்க வேண்டும். ஆறாவது தீர்மானம் என்று இதற்குப் பெயர்.

குழந்தைகளைக் காப்பாற்றவே இந்தச் சட்டம் என்றார் பிரிக்ஸ். முதலில் பெரும்பாலான மக்கள் அதை ஆதரித்தார்கள்.

ஹார்வி மாநிலம் முழுவதும் சுற்றினார். சாலி கியர்ஹார்ட் என்ற பேராசிரியையும் அவருடன் சேர்ந்து பிரிக்சோடு மேடையில் வாதம் செய்தார். குழந்தைகளைக் கெடுப்போரில் பெரும்பாலோர் பெண்களை நாடும் ஆண்களே என்பதற்கு ஹார்வி புள்ளிவிவரங்களை எடுத்து வைத்தார். ஆசிரியரைப் பார்த்து மாணவர்கள் மாறிவிடுவார்கள் என்ற வாதத்தை நகைச்சுவையால் முறியடித்தார்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஆயுதம் வேறு. தன்பால் ஈர்ப்பாளர் ஒவ்வொருவரும் தாய் தந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவர் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டார். நண்பர்களிடமும், அண்டை வீட்டாரிடமும், கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லச் சொன்னார். முகம் தெரியாத மனிதர்களுக்கு எதிராக ஓட்டுப் போடுவது எளிது. சொந்த மகனுக்கு எதிராக, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியைக்கு எதிராகக் கை வருமா?

அது லேசான காரியம் அல்ல. சொன்னவர்களில் சிலரை வீட்டை விட்டுத் துரத்தினார்கள். சிலரைத் தாய் கட்டிப்பிடித்து அழுதாள்.

ஹார்வி தம் கூட்டங்களில் ஒரு பையனைப் பற்றி அடிக்கடி சொல்வார். அவர் ஜெயித்த செய்தியைக் கேட்டு, பென்சில்வேனியா மாநிலத்தின் ஆல்டூனா என்ற ஊரில் இருந்து அந்தப் பையன் டெலிபோனில் பேசி நன்றி சொன்னானாம். அப்படி எங்கோ தனியாகத் தவிக்கும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்பதே அவர் பேச்சுக்களின் சாரம்.

அந்த வருடம் ஜூன் 25-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் மாபெரும் ஊர்வலம் நடந்தது. ஹார்வி திறந்த காரில் போனார். கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞர் நண்பர்களோடு சேர்ந்து சாயம் தோய்த்துத் தைத்த எட்டு நிற வானவில் கொடி அன்றுதான் முதன்முதலில் பறந்தது. இன்று உலகம் அறிந்த கொடி அது.

முன்னாள் கவர்னர் ரொனால்டு ரீகன் பழமைவாதி. அவரே ஆறாவது தீர்மானத்தை எதிர்த்தார். ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் எதிர்த்தார். ஓட்டுகளை எண்ணியபோது, தீர்மானம் 10 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது!

இருபது நாள்

அந்த வெற்றிக்குப் பிறகு ஹார்வி இருபது நாள்தான் உயிரோடு இருந்தார்.

தொடக்கத்தில் டான் ஒயிட்டும் அவரும் ஓரளவு நன்றாகவே பழகினார்கள். டான் ஒயிட்டின் வட்டாரத்தில் மனநல சிகிச்சை பெறும் இளைஞர்களுக்கு ஒரு விடுதி அமைக்கும் திட்டம் சபைக்கு வந்தது. டான் ஒயிட் அதை எதிர்த்தார். ஹார்வி அந்த விடுதிக்கு ஆதரவாக ஓட்டளித்தார். அன்று முதல் பகை!

நகரசபை உறுப்பினருக்கு வருடச் சம்பளம் 9,600 டாலர். அது டான் ஒயிட்டின் குடும்பத்துக்குப் போதவில்லை. நவம்பர் 10-ந் தேதி ராஜினாமா செய்தார். பிறகு, ஆதரவாளர்கள் வற்புறுத்தவே பதவியைத் திரும்பக் கேட்டார். கொடுக்க வேண்டாம் என்று மேயரிடம் வாதாடியவர்களில் ஹார்வியும் ஒருவர். வேறு ஒருவரை நியமிப்பது என்று மேயர் முடிவு செய்தார்.

நவம்பர் 27-ந் தேதி, திங்கட்கிழமை. புதிய உறுப்பினர் பெயரை மேயர் அறிவிக்க வேண்டிய நாள்.

டான் ஒயிட் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நகரசபை மாளிகைக்கு வந்தார். வாசலில் ஆயுதத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. ஆகவே பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தார். மேயரின் அறைக்குப் போய் மாஸ்கோனியைச் சுட்டுக் கொன்றார். மறுபடியும் குண்டுகளைப் போட்டுக்கொண்டார். மாளிகையின் மறுபக்கம் போனார். ஹார்வியைத் தம் பழைய அறைக்குள் அழைத்தார். அங்கே அவரையும் சுட்டுக் கொன்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்து ஹார்வியின் உடலைக் கண்டவர் நகரசபைத் தலைவி டயான் பெயின்ஸ்டீன். இரண்டு சாவுகளையும் நாட்டுக்கு அறிவித்தவரும் அவரே.

ஹார்வி மில்க்குக்கு அப்போது வயது 48.

அன்று இரவு காஸ்ட்ரோ தெருவில் மக்கள் கூடினார்கள். கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, நகரசபை மாளிகை வரை மவுனமாக நடந்தார்கள். 25,000-க்கும் மேற்பட்டவர்கள்!

தீர்ப்பும் தீயும்

வழக்கு நடந்தது. டான் ஒயிட் மனச்சோர்வால் நிதானம் இழந்திருந்தார் என்று அவருடைய வக்கீல்கள் வாதாடினார்கள். 1979 மே 21-ந் தேதி தீர்ப்பு. திட்டமிட்ட கொலை அல்ல என்று ஜூரிகள் சொல்லிவிட்டார்கள். இரண்டு கொலைகளுக்கும் சேர்த்து 7 வருடம் 8 மாதம் சிறை!

மெழுகுவர்த்தி ஏந்தி மவுனமாக நடந்த மக்கள் அன்று கொதித்து எழுந்தார்கள். நகரசபை மாளிகையின் கண்ணாடிகள் நொறுங்கின. போலீஸ் கார்கள் எரிந்தன. போலீசார் காஸ்ட்ரோ தெருவுக்குள் புகுந்து அடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள்.

மறுநாள் மே 22. ஹார்வியின் பிறந்த நாள். மேலும் ரத்தம் சிந்துமோ என்று நகரம் நடுங்கியது. ஆனால் காஸ்ட்ரோ தெருவில் ஆயிரக்கணக்கானோர் அமைதியாகக் கூடி, பிறந்த நாள் கொண்டாடிக் கலைந்தார்கள்.

டான் ஒயிட் சுமார் ஐந்து வருடம் சிறையில் இருந்துவிட்டு 1984 ஜனவரியில் வெளியே வந்தார். 1985 அக்டோபரில் தற்கொலை செய்துகொண்டார்.

அழியாத பெயர்

ஹார்வியின் இடத்துக்கு ஹாரி பிரிட் என்ற மற்றொரு தன்பால் ஈர்ப்பாளர் நியமிக்கப்பட்டார். தாம் இறந்தால் யார் வரலாம் என்று ஹார்வி டேப்பில் சொல்லியிருந்த பெயர்களில் அவர் பெயரும் ஒன்று!

தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டங்கள் அனைத்தும் செல்லாது என்று 2003-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2015-ல் அவர்கள் நாடு முழுவதும் திருமணம் செய்துகொள்ளலாம் என்றது.

2009-ல் ஜனாதிபதி ஒபாமா, ஹார்விக்கு நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அளித்தார். கலிபோர்னியாவில் மே 22-ந் தேதி ஹார்வி மில்க் தினம் ஆயிற்று. 2014-ல் தபால் தலை வெளிவந்தது. அவர் கதையைச் சொல்லும் ஆவணப் படம் 1985-லும், அவர் வேடத்தில் நடித்த ஷான் பென் 2009-லும் ஆஸ்கார் பரிசு பெற்றார்கள்.

அவரை வெளியேற்றிய அதே கடற்படை, 2021-ல் ஒரு கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டிக் கடலில் இறக்கியது. 2025-ல் அந்தப் பெயரை நீக்கிவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். பெருமை வரும், போகும்.

ஹார்வி கப்பலையும் தபால் தலையையும் கேட்கவில்லை. டேப்பில் பதிந்த உயிலில் அவர் கேட்டது வேறு. தாம் குண்டுக்கு இரையானால், அதைக் கண்டு நாடெங்கும் மறைந்து வாழ்பவர்கள் வெளியே வர வேண்டும். தாங்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். அப்படி எல்லாரும் சொல்லிவிட்டால் வெறுப்பு தானாகச் செத்துவிடும் என்று அவர் நம்பினார்.

அந்த ஆசை பாதி நிறைவேறியது. மறுபாதி அவர் கையில் இல்லை. பிள்ளை சொல்லத் துணியும்போது, காது கொடுத்துக் கேட்கும் தாய் தந்தையின் கையில் இருக்கிறது.